கோயில் முடித்துவிட்டு பிரின்ஸ்டனில் ஒரு சனிக்கிழமை பிற்பகல்: அப்பா அம்மாவுக்கு எதைக் காட்டலாம்?

பாளைமைந்தன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. நயாகரா, நியூயார்க், ஃபிலடெல்ஃபியாவின் விரிசல் விட்ட மணி எல்லாம் ஆகிவிட்டது. இப்போது அப்பா பிரின்ஸ்டன், பிரின்ஸ்டன் என்று ஒரே பிடியாக நிற்கிறார். பாளையங்கோட்டையில் முப்பத்திரண்டு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். "ஐன்ஸ்டைன் இருபது வருஷம் குடியிருந்த ஊரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்தச் சுதந்திர தேவி சிலையைப் பார்க்க என்னை வெயிலில் வரிசையில் நிற்க வைத்தாயே" என்று காலைக் காபியோடு தினமும் ஒரு குத்து விழுகிறது.

வருகிற சனிக்கிழமை காலையில் இங்கே நியூஜெர்சியில் பிரிட்ஜ்வாட்டர் பாலாஜி கோயிலுக்குப் போகிறோம். அங்கிருந்து 206-ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்தால் நேராகப் பிரின்ஸ்டன் என்று வரைபடம் சொல்கிறது. மதியம் ஒன்றரை வாக்கில் போய்ச் சேர்ந்து, சாயங்காலம் ஆறுக்குள் கிளம்பினால் போதும்.

அம்மாவுக்கு மூட்டுவலி. பத்து நிமிஷம் நடந்தால் ஐந்து நிமிஷம் உட்கார வேண்டும். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளோ, இது தாத்தாவுக்கான பயணம் இல்லை, தனக்கு வைக்கிற கல்லூரிப் பொறி என்று சந்தேகப்பட்டு இப்போதே முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள். மனைவிக்கு அன்று வேலை.

ஐன்ஸ்டைன் வீட்டுக்குள் விடுவார்களா? பல்கலைக்கழகத்துக்குள் யார் வேண்டுமானாலும் நடக்கலாமா, முன்பதிவு ஏதாவது உண்டா? கார் எங்கே நிறுத்துவது? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

கால்வாய்க்கரை எழுதியது:

பிளெய்ன்ஸ்பரோவில் பதினெட்டு வருஷமாக இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் பிரின்ஸ்டன் காட்டும் வேலை என் தலையில்தான். மாமனார், சித்தப்பா, கல்லூரித் தோழர்கள் என்று ஒரு பேருந்து நிறையக் கூட்டத்தைக் காட்டியிருப்பேன். அந்தத் தழும்புகளோடு சொல்கிறேன்: ஒரு பிற்பகலுக்கு மூன்று இடம். நான்காவதைச் சேர்த்தால் மூன்றாவதில் சண்டை வரும்.

முதலில் கெட்ட செய்தி. ஐன்ஸ்டைன் வீட்டுக்குள் விடமாட்டார்கள். மெர்சர் தெரு 112-ஆம் எண். வெள்ளை மர வீடு, முன்னால் ஒரு தாழ்வாரம், அவ்வளவுதான். பலகை கிடையாது, நுழைவுச் சீட்டு கிடையாது, பொம்மை விற்கும் கடையும் கிடையாது. 1935-இல் வாங்கி, 1955-இல் இறக்கும் வரை அங்கேதான் இருந்தார். தன் வீட்டை நினைவிடம் ஆக்கக் கூடாது என்பது அவர் விருப்பம். அதை மதித்து இன்றுவரை வீடாகவே வைத்திருக்கிறார்கள். அப்பாவுக்கு ஒரு துணுக்கு: அவருக்குப் பிறகு அந்த வீட்டில் குடியிருந்தவர்களில் இரண்டு பேர் நோபல் வாங்கினார்கள். ஃபிராங்க் வில்செக், 2004-இல் இயற்பியலுக்கு. எரிக் மாஸ்கின், 2007-இல் பொருளாதாரத்துக்கு. என் மாமனார் இதைக் கேட்டுவிட்டு அந்த வீட்டு வாடகையை விசாரிக்கச் சொன்னார்.

இன்னொன்று. ஐன்ஸ்டைன் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் என்று நம்மில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லை. அவர் வேலை பார்த்தது 1930-இல் தொடங்கிய உயராய்வு நிறுவனத்தில் (Institute for Advanced Study). அது தனி, பல்கலைக்கழகம் தனி. நிறுவனத்துக்குச் சொந்தக் கட்டடம் 1939-இல்தான் வந்தது. அதுவரை பல்கலைக்கழகத்தின் கணிதக் கட்டடத்தில் அவருக்கு அறை கொடுத்திருந்தார்கள். அப்போது ஃபைன் ஹால் என்று பெயர், இப்போது ஜோன்ஸ் ஹால். 'கடவுள் நுட்பமானவர், ஆனால் வஞ்சகர் அல்ல' என்று அவர் சொன்னதை அங்கே ஒரு கணப்படுப்பின் மேல் ஜெர்மனில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஆனால் கட்டடங்கள் பலவும் அடையாள அட்டை இல்லாமல் திறக்காது, வார இறுதியில் கேட்கவே வேண்டாம். வெளியே நின்று 'இங்கேதான்' என்று காட்டலாம்.

வளாகம் திறந்த வெளி. முன்பதிவு வேண்டாம். காரை ஸ்பிரிங் தெரு கராஜில், பொது நூலகத்துக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். அங்கிருந்து நாசாவ் தெருவுக்கு வந்து சாலையைக் கடந்தால் ஃபிட்ஸ்ராண்டால்ஃப் வாசல். 1905-இல் கட்டிய இரும்புக் கதவு. பல வருஷம் விசேஷ நாட்களில் மட்டும் திறந்தார்கள், 1970-இலிருந்துதான் எப்போதும் திறந்தே இருக்கிறது. பட்டம் வாங்கும் முன் நடு வாசல் வழியாக வெளியே போகிற மாணவன் பட்டம் வாங்கமாட்டான் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அதனால் பிள்ளைகள் ஓரத்துச் சின்ன வாசல் வழியாக நுழைந்து போவதைப் பார்க்கலாம். அணு ஆராய்ச்சி, மரபணு ஆராய்ச்சி எல்லாம் நடக்கிற இடத்தில் இதுவும் நடக்கிறது. எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்த காட்சி இதுதான்.

வாசலுக்கு நேராக நாசாவ் ஹால், 1756. வாயிலில் இரண்டு வெண்கலப் புலிகள் இருக்கும், பேரப்பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து படம் எடுப்பதற்கென்றே செய்தது போல. அப்பா ஓய்வாகப் பார்க்க வேண்டியது இந்தக் கட்டடம்தான், அதுவும் பின்பக்கம். 1777 ஜனவரி 3-ஆம் தேதி வாஷிங்டனின் படை பிரிட்டிஷாரை இந்த ஊரில் அடித்தபோது, ஒரு பகுதி பிரிட்டிஷ் சிப்பாய்கள் இந்தக் கட்டடத்துக்குள் புகுந்துகொண்டார்கள். வெளியிலிருந்து பீரங்கியால் அடித்தார்கள். மேற்குச் சிறகின் தெற்குச் சுவரில் கொடிகளுக்கு நடுவே ஒரு குண்டுத் தழும்பு இன்னும் இருக்கிறது. ஒரு குண்டு உள்ளே போய் இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் படத்தில் தலையைச் சரியாகக் கொய்தது என்றும் சொல்வார்கள். கதை அழகாக இருப்பதால் நான் அதை விசாரிக்கப் போகவில்லை. ஆறு வருஷம் கழித்து, ஃபிலடெல்ஃபியாவில் சம்பளம் வராத சிப்பாய்கள் கலகம் செய்ததில் அங்கிருந்து ஓடிவந்த காங்கிரஸ், 1783-இல் ஜூன் கடைசியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை இதே கட்டடத்தில்தான் கூடியது. நாலு மாதம் இந்தச் சின்ன ஊர் அமெரிக்காவின் தலைநகர்.

மூன்றாவது இடம் என் கணக்கில் கல்லறைத் தோட்டம். கராஜிலிருந்து மறுபக்கம், விதர்ஸ்பூன் தெருவும் விக்கின்ஸ் தெருவும் சந்திக்கும் இடத்துக்குப் பக்கத்தில். 1757-இலிருந்து இருக்கிறது. இரண்டு முறை விட்டு விட்டு அதிபரான குரோவர் கிளீவ்லாந்து அங்கே இருக்கிறார். ஆனால் கணக்கு வாத்தியாருக்கு அதுவா முக்கியம்? கணித மேதை ஜான் வான் நாய்மன் இருக்கிறார், தர்க்கவியல் மேதை குர்ட் கோடல் இருக்கிறார். கோடலும் ஐன்ஸ்டைனும் தினமும் சேர்ந்து நடந்துபோகிற நண்பர்கள். ஐன்ஸ்டைனைத் தேடாதீர்கள், அவருக்குக் கல்லறையே கிடையாது. எரித்துச் சாம்பலைத் தூவிவிட்டார்கள், எங்கே என்று சொல்லவில்லை. கோடலுக்கு எளிமையான கல். விதிகளை எப்படி வகுத்தாலும் நிரூபிக்க முடியாத உண்மைகள் கணிதத்தில் மிஞ்சும் என்கிற முழுமையின்மைத் தேற்றத்தை நிரூபித்த மனிதர், கடைசிக் காலத்தில் உணவில் விஷம் வைப்பார்கள் என்ற பயத்தில் சாப்பிடாமலேயே 1978-இல் இறந்தார். என் சித்தப்பா அந்தக் கல்லின் முன்னால் அரை மணி நேரம் நின்றார். அவர் கணக்கு வாத்தியார்கூட இல்லை, பஞ்சாயத்து அலுவலகத்தில் வேலை பார்த்தவர்.

மே கடைசியில் போகாதீர்கள். பழைய மாணவர் கூட்டம் ஆரஞ்சுக் கோட்டுப் போட்டுக்கொண்டு ஊரையே நிரப்பிவிடும். இந்த சனிக்கிழமை பயமில்லை.

லாரன்ஸ்வில் அக்கா எழுதியது:

கால்வாய்க்கரை சார், எல்லாம் சரி. காலையில் பெருமாளைச் சேவித்துவிட்டு மதியம் கல்லறைக்குப் போகச் சொல்கிறீர்களே! பாளைமைந்தன் தம்பி, அம்மா கல்லறை என்ற வார்த்தையைக் கேட்டவுடன் காரை வீட்டுக்குத் திருப்பச் சொல்வார். என் மாமியாரிடம் நான் பட்டிருக்கிறேன். அன்று ராத்திரி எல்லோரும் தலைக்குக் குளித்த பிறகுதான் அடுப்படிக்குள் விட்டார். அதை வேறொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

மூட்டுவலிக்காரர்களோடு நான் போகிற வழியைச் சொல்கிறேன். கராஜை விட்டு வெளியே வரும்போதே பொது நூலகத்தில் கழிவறை வேலையை முடித்துவிடுங்கள். நூலகத்தை ஒட்டிய சதுக்கத்தில் மேஜை நாற்காலி கிடக்கும். கோயில் கேண்டீனில் புளியோதரை, தயிர்சாதம் வாங்கிக்கொண்டால் அங்கேயே பிரித்துச் சாப்பிடலாம். ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், ஸ்பூன் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சாப்பிட்ட பிறகு வாசல், புலி, சார் சொன்ன பின்பக்கச் சுவர். அங்கிருந்து பல்கலைக்கழகத் தேவாலயம் நாலு நிமிஷம். 1928-இல் முடித்தது, உள்ளே கிட்டத்தட்ட 2,000 பேர் உட்காரலாம். மத்தியானம் மூன்று மணி வாக்கில் வண்ணக் கண்ணாடிகளில் வெயில் இறங்கித் தரையெல்லாம் நீலமும் சிவப்புமாகக் கிடக்கும். அம்மா அங்கே இருபது நிமிஷம் உட்காரட்டும். உட்காரும் பெஞ்சுகளுக்கு ஒரு கதை இருக்கிறது, உள்நாட்டுப் போரில் பீரங்கி வண்டி செய்ய என்று வைத்திருந்த மரத்தில் செய்தவை. சனிக்கிழமைகளில் திருமணம் இருந்தால் உள்ளே விடமாட்டார்கள், அதிர்ஷ்டம்தான்.

அப்புறம் பிராஸ்பெக்ட் தோட்டம், இன்னும் கொஞ்ச தூரம். உட்ரோ வில்சன் அதிபராகும் முன் இந்தப் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தார்; பிராஸ்பெக்ட் அவர் குடியிருந்த வீடு. பின்னாலுள்ள பூந்தோட்டம் அவர் மனைவி எல்லன் திட்டமிட்டது. அமெரிக்கக் கால்பந்து பார்க்க வந்த கூட்டம் தோட்டத்தை மிதித்துத் துவைத்ததில் வில்சன் 1904-இல் சுற்றி இரும்பு வேலி போட்டார். மே மாதத்தில் டியூலிப் இருக்கும். பக்கத்திலேயே புதிய கலை அருங்காட்சியகம், 2025 அக்டோபர் கடைசியில் திறந்தது. கட்டணம் இல்லை. உள்ளே குளுகுளுவென்று இருக்கும், உட்கார இடமும் இருக்கும். 1930-களில் இவர்கள் துருக்கிப் பக்கம் அந்தியோக்கியாவில் தோண்டி எடுத்த தரைச் சித்திரங்கள் இருக்கின்றன, சின்னச் சின்னக் கல் பதித்தவை. நம் வீட்டுக் கோலக்காரிகளுக்குக் கண்டிப்பாகப் பிடிக்கும்.

மகளை மட்டும் தயவுசெய்து 'நீ இங்கே படிக்கலாமே' என்று ஒரு முறைகூடச் சொல்லாதீர்கள். நான் சொன்னேன். என் பெண் பாஸ்டனுக்குப் போய்விட்டாள். வேண்டுமானால் இதைச் சொல்லுங்கள்: 1746-இல் தொடங்கிய கல்லூரி, இளநிலை வகுப்பில் பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1969-இல்தான். அதைக் கேட்டு அவளாகவே ஏதாவது கேள்வி கேட்பாள்.

ரட்கர்ஸ்காரன் எழுதியது:

இந்தத் திரியில் எதிர்க்கட்சி இல்லாமல் இருக்கக் கூடாது என்பதற்காக வருகிறேன். நாசாவ் ஹாலுக்குப் பின்னால் புல்வெளியில் ஒரு பெரிய பீரங்கி தலைகீழாகப் புதைந்திருக்கும், பின்பாகம் மட்டும் வெளியே தெரியும். 1875-இல் எங்கள் ரட்கர்ஸ் கல்லூரிப் பையன்கள் ராத்திரியோடு ராத்திரியாக வந்து அதைத் திருடப் பார்த்தார்கள். அது நகரவில்லை. சும்மா திரும்புவானேன் என்று இன்னொரு சின்னப் பீரங்கியைத் தூக்கிக்கொண்டு நியூ பிரன்ஸ்விக் வந்துவிட்டார்கள். பதிலுக்கு அவர்கள் வந்து எங்களிடமிருந்து துப்பாக்கிகளை எடுத்துப்போனார்கள். கடைசியில் பெரியவர்கள் பேசி அவரவர் பொருளை அவரவருக்குக் கொடுத்தார்கள். மகளுக்கு இதைச் சொல்லுங்கள், கல்லூரி மேல் மரியாதை வருகிறதோ இல்லையோ, ஆசை வரும்.

கொஞ்சம் சீரியஸாக ஒன்று. கோயிலிலிருந்து வரும் வழியில் சோமர்வில் தாண்டுவீர்கள். பால் ரோப்சன் பள்ளிப்படிப்பை முடித்தது அங்கே. பிறந்தது பிரின்ஸ்டனில், 1898-இல், விதர்ஸ்பூன் தெரு 110-ஆம் எண் வீட்டில். அடிமையாகப் பிறந்து தப்பி வந்து பாதிரியாரானவர் அவருடைய அப்பா. பாடகர், நடிகர், அமெரிக்கக் கால்பந்து வீரர், வழக்கறிஞர், போராளி என்று என்னவெல்லாமோ ஆன ரோப்சன், தன் சொந்த ஊர்க் கல்லூரியில் படிக்க முடியவில்லை. அன்றைய பிரின்ஸ்டன் கறுப்பினத்தவரைச் சேர்க்கவில்லை. 1915-இல் ரட்கர்ஸுக்கு வந்தார். லாரன்ஸ்வில் அக்கா சொன்ன அந்த வில்சன் காலத்தின் கதவு அது. 2020-இல் வில்சன் பெயரைப் பிரின்ஸ்டனின் பொதுக்கொள்கைப் பள்ளியிலிருந்து எடுத்ததும் இதனால்தான்.

எல்லோரும் ஐஸ்கிரீமோடு படம் எடுக்கிற பால்மர் சதுக்கத்தைப் பார்த்தால் ஏதோ இருநூறு வருஷத்துப் பழைய கடைவீதி போல இருக்கும். 1930-களில் கட்டியது. அந்த இடத்தில் முன்பு கறுப்பினக் குடும்பங்கள் வாழ்ந்த பேக்கர் தெரு இருந்தது. வீடுகளில் சிலவற்றை அப்படியே பெயர்த்து பிர்ச் அவென்யூவுக்கு நகர்த்தினார்கள். ஐஸ்கிரீம் சாப்பிடுங்கள், நானும் சாப்பிடுவேன். விதர்ஸ்பூன் தெருவில் ஐந்து நிமிஷம் வடக்கே போய் அந்த வீட்டையும் ஒரு எட்டுப் பாருங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

பாளைமைந்தன் எழுதியது:

போய் வந்தாகிவிட்டது. எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லாவிட்டால் அநியாயம்.

கோயிலில் கூட்டம். கிளம்பவே பன்னிரண்டரை. 206 நேராகத்தான் போகிறது, ஆனால் ஹில்ஸ்பரோ தாண்டும் வரை ஒவ்வொரு சிக்னலும் எங்களுக்காகவே சிவந்தது. கராஜ் வந்து சேர இரண்டு மணி. அக்கா சொன்னபடி நூலகச் சதுக்கத்தில் புளியோதரை. அம்மா பக்கத்து மேஜையில் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்த இரண்டு தாத்தாக்களுக்கும் கொடுத்தே தீருவேன் என்றார். ஒருவர் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுக் காரத்தில் கண் கலங்கி, ஆனாலும் முழுதும் தின்றார்.

ஃபிட்ஸ்ராண்டால்ஃப் வாசலில் நான் அந்த நம்பிக்கையைச் சொன்னதுதான் தப்பு. இது இங்கே படிக்கிறவர்களுக்கு மட்டும்தான் என்று மூன்று தடவை சொன்னேன். "இருக்கட்டும், நமக்கெதுக்கு வம்பு" என்று அம்மா மகளின் கையைப் பிடித்து ஓர வாசலுக்கு இழுத்துப் போனார். அப்பா மட்டும், தன்னிடம் எம்.எஸ்ஸி., பி.எட். இரண்டும் கையில் இருக்கிறது என்ற தைரியத்தில், நடு வாசல் வழியாக உள்ளே போய், வெளியே வந்து, மறுபடி உள்ளே போனார்.

பீரங்கிக் குண்டுத் தழும்பைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிஷம் ஆனது. கண்டுபிடித்தது மகள். அதற்குள் புதைந்த பீரங்கியையும் அதைத் திருடப் பார்த்த கதையையும் சொல்லியிருந்தேன். ரட்கர்ஸ்காரன் அண்ணா, உங்கள் கட்சிக்கு ஒரு ஓட்டு விழுந்துவிட்டது, அவள் ரட்கர்ஸ் பையன்கள் பக்கம். அப்பாவுக்குத் தழும்பு பெரிதாகப் படவில்லை. "கட்டபொம்மன் கோட்டையை வெள்ளைக்காரன் இடிச்சுத் தரைமட்டமாக்கி உழுதுட்டுப் போனான். இவங்க ஒரு பள்ளத்தை இருநூத்தம்பது வருஷமா பொத்திப் பொத்தி வச்சிருக்காங்க" என்றார். பாராட்டா கிண்டலா என்று தெரியவில்லை.

தேவாலயத்தில் திருமணம் இருந்தது. உள்ளே விடவில்லை. வாசலில் மாப்பிள்ளைத் தோழர்கள் நின்றிருந்ததால் அம்மாவுக்கு அதுவே போதுமாக இருந்தது; பெண் எப்போது வரும் என்று படியில் உட்கார்ந்து காத்திருந்தார். அந்த நேரத்தில்தான் அணில் வந்தது. முழுக் கறுப்பு. பிரின்ஸ்டனில் கறுப்பு அணில்கள் உண்டு என்று நீங்கள் யாரும் சொல்லவில்லையே! அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "முதுகுல ஒரு கோடும் இல்ல பாரு. ராமர் இந்தப் பக்கம் வரவே இல்ல" என்றார். ஊருக்குப் போன் போட்டு அத்தையிடம் அவர் முதலில் சொன்ன செய்தி இதுதான். ஐன்ஸ்டைன் இரண்டாவது.

அருங்காட்சியகத்தில் முக்கால் மணி நேரம். அக்கா, தரைச் சித்திரம் பற்றி நீங்கள் சொன்னது சரி. "இதுக்குப் புள்ளி எங்க வச்சிருப்பான்" என்று அம்மா ஆராய ஆரம்பித்தார், அதன் பிறகு முழங்காலைப் பற்றிப் பேச்சே இல்லை.

மெர்சர் தெருவுக்கு நாலே முக்காலுக்குக் காரில் போனோம். நான் எண்ணைப் பார்த்துக்கொண்டே மெதுவாக ஓட்டினேன், அப்படியும் தாண்டிப் போய்த் திரும்பி வந்தோம். அவ்வளவு சாதாரண வீடு. அப்பா இறங்கி எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். ஒரு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "ஏலே, யார் வீடுன்னு ஒரு போர்டு கூடவா வைக்க மாட்டான்?" அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனதைச் சொன்னேன். எந்த ஜன்னல் அவர் படிக்கிற அறை என்று கேட்டார். அது மாடியில் பின்பக்கம், தோட்டத்தைப் பார்த்தபடி, தெருவிலிருந்து தெரியாது என்று போனில் பார்த்துச் சொன்னேன். "அப்போ நாம பார்த்தது திண்ணை" என்றார். கோபமில்லை. படம் எடுக்கட்டுமா என்றேன், வேண்டாம், உள்ளே குடியிருக்கிறவர்கள் ஜன்னலைத் திறந்தால் என்ன நினைப்பார்கள் என்று தடுத்துவிட்டார். நயாகராவில் முந்நூறு படம் எடுத்தவர்.

அதே சாலையில் ஐந்து நிமிஷம் போனால் 1777 போர் நடந்த வெளி. கார் நிறுத்த இடம் இருக்கிறது. ஜெனரல் மெர்சர் குத்துப்பட்டுக் கிடந்ததாகச் சொல்லப்படும் ஓக் மரம் 2000-இல் விழுந்துவிட்டது, அதன் விதையில் வந்த மரம் அங்கே நிற்கிறது. தெருவுக்குப் பெயர் அவருடையது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது, இந்த மாவட்டத்துக்கும் அவர் பெயர்தான். அம்மா புல்லில் கால் நீட்டி உட்கார்ந்து பிளாஸ்கில் மிச்சமிருந்த காபியை ஊற்றிக் கொடுத்தார். மகள் தாத்தாவிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். முழுமையின்மைத் தேற்றம் என்றால் என்ன என்று. அப்பா புல்லைக் கிள்ளி வரிசையாக வைத்து விளக்கத் தொடங்கியதில் கிளம்ப ஏழு மணி ஆகிவிட்டது. ஆறு என்று நான் போட்ட கணக்கு போச்சு.

ரோப்சன் வீட்டைத் திரும்பும்போது காரிலிருந்து பார்த்தோம், இறங்கவில்லை. ஐஸ்கிரீமுக்கு பால்மர் சதுக்கத்தில் வரிசை தெரு முனை வரை. நிற்கவில்லை.

லாரன்ஸ்வில் அக்கா எழுதியது:

அந்த அணிலுக்கு மூன்று கோடு போட்டுவிட ஆசைப்பட்டார் அம்மா என்று என் மாமியாரிடம் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தார். கல்லறை விஷயம் என்ன ஆனது?

பாளைமைந்தன் எழுதியது:

அதுதான் இப்போது வீட்டில் ஓடுகிற வழக்கு. கால்வாய்க்கரை சார் எழுதியதை நான் அப்பாவிடம் படித்துக் காட்டியிருக்கக் கூடாது. கோடல் கல்லைப் பார்க்காமல் திரும்பி வந்ததற்கு அம்மாவோடு இரண்டு நாள் பேசவில்லை. அடுத்த சனிக்கிழமை எடிசனில் ரயில் ஏறி, பிரின்ஸ்டன் ஜங்ஷனில் மாறி, தனியாகவே போய்வருகிறேன் என்கிறார். ஜங்ஷனிலிருந்து ஊருக்குள் போகிற அந்த டிங்கி என்கிற குட்டி ரயில் எவ்வளவு நேரம்?

கால்வாய்க்கரை எழுதியது:

2.7 மைல், ஐந்து நிமிஷம். உட்கார்ந்து பையை மடியில் வைப்பதற்குள் இறங்கச் சொல்வார்கள். நிலையத்திலிருந்து கல்லறைத் தோட்டம் வரை மெல்ல ஏற்றமான நடை, அரை மணி நேரம் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பத்தரைக்கு நான் நிலையத்தில் நிற்கிறேன், ஆரஞ்சுத் தொப்பி போட்டிருப்பேன். எனக்கும் அந்தத் தேற்றம் சரியாகப் புரிந்ததில்லை.

பாளைமைந்தன் எழுதியது:

சொல்லிவிட்டேன். இரண்டு சாக்பீஸ் கேட்டிருக்கிறார். அம்மா துண்டும் மாற்று வேட்டியும் எடுத்து வைத்திருக்கிறார், திரும்பி வந்ததும் வீட்டுக் கராஜிலேயே குளிக்க ஏற்பாடு.